மாடிப்படி அளவுகள்: கான்கிரீட் போடுவதற்கு முன் முடிவு செய்துவிடுங்கள்

எங்கள் வீட்டில் மாடிப்படி கட்டி, கல் பதித்து, கைப்பிடியும் மாட்டிக் குடிவந்த பிறகு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏறும்போது கடைசிப் படியில் மட்டும் எல்லாருக்கும் கால்விரல் தட்டியது. பார்த்தால் எல்லாப் படியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒரு நாள் சாயங்காலம் அம்மா துணிக்கூடையோடு ஏறியவர், அதே இடத்தில் தடுக்கி முழங்கால் ஊன்றி விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் அன்றைக்கே டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்தேன். முதல் படி 141 மி.மீ. நடுப்படிகள் எல்லாம் 176. கடைசிப் படி 196.

கான்கிரீட் போட்டவர்மேல் தப்பு இல்லை. அவர் மொத்த உயரத்தை 18 ஆல் வகுத்துச் சமமாகத்தான் போட்டார். ஆனால் கீழ்த்தரைக்கு எத்தனை கனத்துக்குத் தரை போடப் போகிறோம், படிக்கு எத்தனை, மாடிக்கு எத்தனை என்று யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைச் சரிசெய்ய 17 படிகளின் கல்லையும் பெயர்த்தெடுத்து, அடியில் கலவையை 21 முதல் 34 மி.மீ. வரை உயர்த்தி, மறுபடி பதிக்க வேண்டியிருந்தது. கைப்பிடியைக் கழற்றி மாட்டிய வேலை தனி. கூடும் எடையைப் படியின் கான்கிரீட் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் தொட்டோம்.

நீங்கள் இப்போது பிளானைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்றால் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

1. நான்கு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேலை நடக்கும் இடத்தில் உங்கள் காதில் விழப்போகும் சொற்கள் இவை. ஒரு படியின் செங்குத்து உயரம் ரைசர். கால் வைக்கும் கிடைமட்டப் பகுதி ட்ரெட்; இந்தக் கட்டுரையில் அதை மிதி என்றே சொல்கிறேன். படியின் முன்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீட்டம் நோசிங். நடுவில் நின்று திரும்பும் மேடை லேண்டிங்.

மிதியை அளப்பதில் ஒரு குழப்பம் வரும். ஒரு படியின் முனையிலிருந்து அடுத்த படியின் முனை வரை கிடைமட்டமாக எவ்வளவு என்பதுதான் மிதியின் அளவு. பதிக்கும் கல்லின் அகலம் அதைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் நோசிங்கும் அதில் சேர்ந்திருக்கிறது. கல் அகலத்தை மிதி என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு படியிலும் 20, 25 மி.மீ. ஏமாந்துபோவீர்கள்.

2. தரை முடிந்த மட்டத்திலிருந்து மொத்த உயரத்தை எடுங்கள்

எங்கள் தவறு நடந்தது இங்கேதான்.

வரைபடத்தில் தளத்துக்குத் தளம் என்று போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் கான்கிரீட்டுக்குக் கான்கிரீட். நீங்கள் கால் வைப்பது அதன்மேல் பதித்த கல்லிலோ டைல்ஸிலோ. ஆகவே படிக்கணக்குக்கு வேண்டியது கீழ்த்தரை முடிந்த மட்டத்திலிருந்து மாடித்தரை முடிந்த மட்டம் வரையிலான உயரம். இதற்கு மூன்று கனங்கள் தெரிய வேண்டும்: கீழ்த்தரையில் கலவையும் கல்லும் சேர்ந்து எவ்வளவு, படியில் எவ்வளவு, மாடியில் எவ்வளவு. மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

எங்கள் வீட்டு எண்களையே வைத்துக் காட்டுகிறேன். கீழ்த்தரை 75 மி.மீ., படி 40, மாடி 60. கான்கிரீட்டுக்குக் கான்கிரீட் 3165. தரை முடிந்த பிறகு அது 3165 - 75 + 60 = 3150. இதை 18 ஆல் வகுத்தால் படிக்கு 175, ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல அளவு. ஆனால் கான்கிரீட்டில் எல்லாப் படியையும் 175 போட்டால் இது கிடைக்காது. முதல் படியைக் கான்கிரீட்டில் 175 + 75 - 40 = 210 என்று போட வேண்டும். கடைசிப் படியை 175 - 60 + 40 = 155. நடுவில் உள்ள 16 படிகளும் 175. கூட்டிப் பாருங்கள், 3165 சரியாக வரும்.

சென்ட்ரிங் (ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சு) அடிக்கும்போது முதல் படி பெரிதாகவும் கடைசிப் படி சின்னதாகவும் இருப்பதைப் பார்த்து, தெரியாதவர்கள் தப்பாகிவிட்டது என்று "திருத்த" வருவார்கள். கல் பதித்ததும் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று மேஸ்திரியிடம் முன்பே சொல்லி, அந்த மூன்று எண்களைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்.

லேண்டிங்கும் ஒரு படிதான். அதற்குப் படியில் போடும் அதே கனம்தான் போட வேண்டும். லேண்டிங்குக்கு மட்டும் வேறு கல், வேறு கனம் என்று ஆசைப்பட்டால் அதற்கு முந்தைய படியும் அடுத்த படியும் மாறிப்போகும்.

ஆகவே தரைக்கு என்ன போடப் போகிறீர்கள் என்பதைப் படிக்குச் சென்ட்ரிங் அடிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நிறம், வடிவமெல்லாம் அப்புறம் பார்க்கலாம். கனம் மட்டும் இப்போதே தெரிய வேண்டும்.

3. படியின் உயரத்தையும் மிதியையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்

படியின் உயரம் மட்டும் குறைந்தால் ஏறுவது சுலபமாகிவிடாது. உயரமும் மிதியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பலரும் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு: உயரத்தை இரண்டால் பெருக்கி மிதியைக் கூட்டினால் 600 முதல் 640 மி.மீ.க்குள் வர வேண்டும். சாதாரணமாக நடக்கும்போது வைக்கும் ஒரு எட்டின் நீளத்தை ஒட்டியது இது. 175 உயரத்துக்கு 270 மிதி வைத்தால் 620. சரியாக இருக்கிறது. 190 உயரத்துக்கு 230 மிதி வைத்தாலும் 610 வந்துவிடும், ஆனால் இறங்கும்போது குதிகால் மட்டும்தான் படியில் இருக்கும், முன்பாதம் அந்தரத்தில் நிற்கும். கணக்கு ஒத்துப்போனாலும் மிதி 250க்குக் கீழே போகக் கூடாது என்பது என் கருத்து.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்பது வேறு விஷயம். வீட்டுக்குள் உள்ள படிக்கு இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரம் 190க்கு மேல் கூடாது, மிதி 250க்குக் குறையக் கூடாது என்கிறது. அமெரிக்கக் குடியிருப்பு விதி உயரம் 196 வரை விடுகிறது, மிதி 254 கேட்கிறது. இங்கிலாந்தில் உயரம் 220 வரைகூடப் போகலாம். இவையெல்லாம் தாண்டக் கூடாத எல்லைகள். நாள் முழுக்க ஏறி இறங்கும் குடும்பத்துக்கு அந்த எல்லையிலேயே கொண்டுபோய் வைப்பது நல்லதில்லை. உங்கள் ஊரில் எந்த விதி செல்லும் என்பதைப் பிளான் போடுபவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே 3150 உயரத்துக்கு மூன்று வழிகளைப் பார்ப்போம். 18 படி போட்டால் உயரம் 175, மிதி 270. 19 படி போட்டால் உயரம் 166க்கு ஒரு நூலளவு கீழே, மிதி 280. 21 படி போட்டால் உயரம் 150, மிதி 300. வீட்டில் மூட்டுவலி உள்ளவர் இருந்தால், அல்லது இன்னும் 20 வருஷம் நாமே ஏறப்போகிறோம் என்று நினைத்தால், 19ஐத் தேர்ந்தெடுப்பேன். ஒரே ஒரு படி கூடுகிறது, ஆனால் ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் அதை உணர்கிறது. 21 படி மிகவும் சுகம், இடம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

ஒரே வீட்டில் ஏறும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஆனால் படிக்குப் படி அளவு மாறாமல் இருப்பது எல்லாருக்கும் வேண்டும். இரண்டு மூன்று படி ஏறியதும் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொண்டு, கண் பார்க்காமலே அடுத்த படியைத் தேடும். அதனால்தான் அமெரிக்க விதி ஒரே வரிசையில் மிக உயரமான படிக்கும் மிகக் குட்டையான படிக்கும் உள்ள வித்தியாசம் 9.5 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் வீட்டில் அது 55.

4. செங்கல் அடுக்கி ஏறிப் பாருங்கள்

காகிதத்தில் 175க்கும் 166க்கும் வித்தியாசம் தெரியாது. மனையிலேயே செங்கல்லும் பலகையும் வைத்து மூன்று படி அடுக்குங்கள். அளவு சரியாக வர அடியில் ஒட்டுப்பலகை, ஓட்டுத்துண்டு எதையாவது வைத்து டேப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் இல்லாமல் இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் கைபிடித்து நிற்கட்டும். வீட்டில் மூத்தவரையும் சின்னக் குழந்தையையும் ஏற்றி இறக்குங்கள்.

இரண்டாவது முறை, படியைப் பெயர்ப்பதற்கு முன், நாங்கள் இதைச் செய்தோம். அம்மா 175இல் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் கையைத் தொடையில் ஊன்றினார். 166இல் ஊன்றவில்லை. அவரிடம் கேட்டபோது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றார். ஆகவே எது சௌகரியம் என்று வாயால் கேட்பதைவிட, கை எங்கே போகிறது, எந்தக் கால் முதலில் போகிறது, இறங்கும்போது பாதத்தைச் சாய்த்து வைக்கிறாரா என்று கவனியுங்கள். பாதம் சாய்கிறது என்றால் மிதி போதவில்லை. எங்களுக்கு அப்போது கான்கிரீட் முடிந்துவிட்டதால் 175ஐ மாற்ற முடியவில்லை. உங்களால் முடியும்.

உறவினர், நண்பர் வீடுகளுக்குப் போகும்போது பையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த படி, மூச்சு வாங்கிய படி இரண்டையும் அளந்து குறித்துக்கொண்டு வந்தால் பேசுவதற்கு எண்கள் இருக்கும்.

5. அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

படிகளின் எண்ணிக்கையைவிட மிதிகளின் எண்ணிக்கை ஒன்று குறைவு. கடைசி ரைசர் ஏறியதும் மாடித்தரைதான், அதற்குத் தனி மிதி கிடையாது. நேராக ஒரே வரிசையில் 18 படி என்றால் 17 மிதி, 17 × 270 = 4590 மி.மீ., அதாவது சுமார் 15 அடி. நடுவில் லேண்டிங்கே இல்லாமல் இத்தனை படி ஏறுவது வயதானவருக்குச் சிரமம், விழுந்தால் கீழ்வரை உருளும் ஆபத்தும் உண்டு.

நடுவில் லேண்டிங் வைத்து எதிர்ப்பக்கம் திரும்பும் படியில், 9 + 9 என்று பிரித்தால் ஒவ்வொரு வரிசைக்கும் 8 மிதி. 8 × 270 = 2160. லேண்டிங் 1000 சேர்த்து 3160. 19 படி, மிதி 280 என்றால் நீளமான வரிசைக்கு 9 மிதி: 2520 + 1000 = 3520. 21 படி, மிதி 300 என்றால் 4000. ஆக, 18 படியிலிருந்து 19க்குப் போக 360 மி.மீ. நீளம்தான் கூடக் கேட்கிறது. பக்கத்து அறையில் ஓரடி சொச்சம் விட்டுக்கொடுத்தால் முடிந்தது. இந்தப் பேரம் பிளான் கட்டத்தில் மட்டும்தான் நடக்கும்.

லேண்டிங்கின் ஆழம் படியின் அகலத்தைவிடக் குறையக் கூடாது. ரைசரின் முகத்தில் கல் ஒட்டும்போது மேல் வரிசையின் முதல் படி லேண்டிங்குக்குள் 30, 40 மி.மீ. நுழைந்துவிடும், பின்சுவரின் பூச்சு இன்னும் கொஞ்சம் தின்னும். அதனால் லேண்டிங்கை 50 மி.மீ. கூடவே போடுங்கள். கீழே முதல் படிக்கு முன்னும், மேலே கடைசிப் படிக்குப் பின்னும், ஓர் ஆள் நின்று திரும்ப மூன்றடிக்குக் குறையாமல் வெற்றிடம் வேண்டும். படியை நோக்கிக் கதவு திறக்கும்படி வைக்காதீர்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வருபவர் ஏறி வருபவரைப் பார்க்க முடியாது.

6. அகலத்தில் எதெல்லாம் குறையும் என்று பாருங்கள்

சுவருக்குச் சுவர் 2000 மி.மீ. இருக்கிறது, ஆளுக்குப் பாதியாக 1000 கிடைக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். இரண்டு சுவர்ப் பூச்சுக்கு 30 போகும். இரண்டு வரிசைக்கும் நடுவில் 100 இடைவெளி விட்டால் ஒரு வரிசைக்கு 935. கைப்பிடிக் கம்பத்தைப் படியின் மேலேயே நட்டால் 60 போய் 875. மூன்றேகால் அடி என்று எண்ணியது மூன்றடிகூட இல்லை.

இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாண்டிப் போக 1000 வேண்டும். கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் இந்த வழியாகத்தான் மேலே போகும். முடியாத ஒருவரைக் கீழே தூக்கி வருவதும் இந்த வழியாகத்தான். கம்பங்களைப் படியின் பக்கவாட்டில் பொருத்தினால் அந்த 60 மி.மீ. மிச்சமாகும். அதற்கான இரும்புத் தகடுகளைக் கான்கிரீட் போடும்போதே உள்ளே வைக்க வேண்டியிருக்கலாம், ஆகவே முதலிலேயே கேளுங்கள்.

7. தலை இடிக்குமா என்று செங்குத்தாகப் பாருங்கள்

படியின் முனையிலிருந்து நேர் மேலே, தளமோ உத்தரமோ குறுக்கிடும் இடம் வரை 2100 மி.மீ. வேண்டும். 2200 இருந்தால் இன்னும் நல்லது. பிளானில் இது தெரியவே தெரியாது, குறுக்குவெட்டுப் படத்தில்தான் தெரியும்.

நேர்ப்படிக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மாடித்தளம் தரைக்கல்லோடு சேர்ந்து 210 கனம் என்றால், அதன் அடிப்பக்கம் கீழ்த்தரையிலிருந்து 2940 உயரத்தில் இருக்கும். 2100 வேண்டுமென்றால் 840 உயரம் வரைதான் அந்தத் தளத்துக்கு அடியில் ஏறலாம். நான்காவது படி 700இல் இருக்கிறது, சரி. ஐந்தாவது படி 875இல், தலைக்கு 2065தான் மிஞ்சும். ஆகவே ஐந்தாவது படியின் முனைக்கு முன்பே தளத்தின் திறப்பு தொடங்கிவிட வேண்டும். அந்தத் திறப்பின் விளிம்பில் 300 மி.மீ. தொங்கும் உத்தரம் ஒன்று வந்தால் கணக்கு மாறும். நான்காவது படியிலேயே 1940 ஆகிவிடும். உயரமானவர் நெற்றியில் வாங்குவார். உத்தரம் எங்கே வருகிறது என்பது கட்டமைப்பு வரைபடத்தில் இருக்கும், கட்டடக் கலைஞர் தரும் பிளானில் பல நேரம் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படிக்கு அடியில் கழிவறையோ வாசலோ வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். 9 + 9 படியில் லேண்டிங் 1575 உயரம்தான், அதன் அடியில் குனிந்துதான் போகலாம், பொருள் வைக்கத்தான் ஆகும். நின்று புழங்க வேண்டுமென்றால் படிகளை 13 + 5 என்று பிரிக்க வேண்டும். லேண்டிங் 2275க்குப் போகும், கல்லும் கான்கிரீட்டும் கழித்து அடியில் 2085 கிடைக்கும். ஆனால் 13 படி தொடர்ந்து ஏற வேண்டும், கீழ் வரிசையின் நீளமும் கூடும். லேண்டிங்குக்கு அடியில் உத்தரம் இறங்கினால் அந்த 2085உம் கிடைக்காது.

8. திருப்பத்தில் முக்கோணப் படி வேண்டாம்

இடம் மிச்சமாகும் என்று லேண்டிங்குக்குப் பதில் இரண்டு மூன்று முக்கோணப் படிகளைச் சொருகித் தருவார்கள். உள்பக்கம் கால் வைக்க இடமிருக்காது. அவசரமாக இறங்குபவர் எப்போதும் உள்பக்கமாகத்தான் திரும்புவார். வேறு வழியே இல்லையென்றால் அவற்றை மேல் திருப்பத்தில் வைக்காமல் கீழே முதல் சில படிகளில் வையுங்கள். தவறினாலும் விழும் தூரம் குறைவு. உள்முனை 150 மி.மீ.க்குக் குறையாமலும், உள்பக்கக் கைப்பிடியிலிருந்து ஓரடி தள்ளி அளந்தால் மற்றப் படிகளின் மிதிக்குச் சமமாகவும் இருக்கட்டும்.

சுழல்படியை வீட்டின் ஒரே மாடிப்படியாகப் போடாதீர்கள். தனியாக ஒற்றைப் படி மட்டும் வரும் இடத்தையும், உதாரணமாக லேண்டிங்கிலிருந்து அறைக்குள் நுழைய ஒரே ஒரு படி, தவிர்த்துவிடுங்கள். அது கண்ணில் படாது.

9. கைப்பிடியும் கம்பிகளும்

கைப்பிடி படியின் முனையிலிருந்து செங்குத்தாக 900 மி.மீ. உயரத்தில் இருக்கலாம். மாடியில் திறப்பைச் சுற்றி வரும் தடுப்பு 1000 முதல் 1100 வேண்டும். பிடி உருண்டையாக, 40 முதல் 45 மி.மீ. விட்டத்தில் இருந்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும். ஆறு அங்குல அகலத்துக்குப் பட்டையான மரம் பார்க்க நன்றாக இருக்கும், தடுமாறும்போது அதில் உள்ளங்கை வழுக்கும். சுவர்ப்பக்கம் வைத்தால் சுவருக்கும் பிடிக்கும் நடுவே 50 மி.மீ. விடுங்கள். வயதானவர் இருந்தால் இரண்டு பக்கமும் வையுங்கள், ஒரு கை வலிமையிழந்தவருக்கு ஏறவும் இறங்கவும் எதிரெதிர்ப் பக்கம் தேவைப்படும். கடைசிப் படிக்கு அப்பாலும் ஓரடி நீட்டிவிடுங்கள்.

கம்பிகளுக்கு இடையே 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது; அதற்கு மேல் போனால் குழந்தையின் உடல் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். கம்பிகள் நெடுக்காக இருக்கட்டும். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணி. சின்னப் பிள்ளைகளுக்கென்று 600 முதல் 700 மி.மீ. உயரத்தில் இன்னொரு பிடியைச் சுவர்ப்பக்கம் மாட்டலாம், அவர்கள் அதைத்தான் பிடிப்பார்கள்.

10. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

படிக்கட்டுக்கென்று ஒரு தனி உறை வைத்துக்கொள்ளுங்கள். பிளான், குறுக்குவெட்டுப் படம், பொறியாளர் கையெழுத்திட்ட கான்கிரீட் கம்பி விவரம், கைப்பிடி விவரம் ஆகியவற்றோடு ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிய கனப்பட்டியல் ஒன்றும் அதில் இருக்க வேண்டும். கீழ்த்தரை, படி, லேண்டிங், மாடி நான்குக்கும் கலவை எவ்வளவு, கல் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி, பொறியாளரும் மேஸ்திரியும் கல் பதிப்பவரும் கையெழுத்துப் போடட்டும். மூவரும் ஒரே நாளில் ஓரிடத்தில் இருப்பது கடினம். கான்கிரீட்டுக்கு ஒரு வாரம் முன்பே முயற்சியைத் தொடங்குங்கள். எங்களிடம் இந்த ஒரு தாள் இருந்திருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது.

குறுக்குவெட்டுப் படத்தில் ஒவ்வொரு படிக்கும் எண் போட்டு, முதல் படியும் கடைசிப் படியும் கான்கிரீட்டில் எவ்வளவு என்று தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். "சமமாக 18 படி" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அனுமதிக்குக் கொடுத்த பிளானில் ஒரு அளவும் வேலைக்குக் கொடுத்த பிளானில் வேறு அளவும் இருக்கிறதா என்றும் பாருங்கள், இது அடிக்கடி நடக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, படி ஒன்றைக் கூட்டுவது பெரிய செலவில்லை. அகலத்தைக் கூட்டினால் கான்கிரீட், கம்பி, கல் மூன்றும் கூடும். கைப்பிடிக்கு ஓடும் அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். சரிவில் அளக்கிறார்களா, கிடையாக அளக்கிறார்களா, கம்பங்களும் திருப்பமும் சேர்த்தியா என்று கேளுங்கள். கல் வேலைக்குப் படிக் கணக்கில் சொல்லிவிட்டு, முனை உருட்டிப் பாலிஷ் போடுவதற்கும் வழுக்காத கோடு வெட்டுவதற்கும் தனியாகக் கேட்பது வழக்கம். எல்லாவற்றையும் மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பெயர்த்துத் திரும்பப் போடும் செலவில், உடைத்ததை அள்ளிக்கொண்டு போவதும் உடைந்த கல்லுக்குப் பதில் வாங்குவதும் சேரும். பழைய கல்லின் நிறம் அப்படியே கிடைப்பது அரிது. எங்கள் படியில் நான்கு கல் இன்றைக்கும் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது.

11. எந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும்

அடித்தளம் போடும்போதே முதல் படி எங்கே உட்காரும் என்று தெரிந்திருக்க வேண்டும், அங்கே அதற்கான தாங்கலும் கம்பியும் வரும். தளம் போடும் முன் திறப்பின் நீளத்தைக் குறுக்குவெட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தளம் இறுகிய பிறகு திறப்பைப் பெரிதாக்குவது கனவிலும் வேண்டாம்.

சென்ட்ரிங் தொடங்கும் முன் சுவரில் முழு அளவில் படியை வரையச் சொல்லுங்கள். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) வைத்துக் கீழ்த்தரை முடியும் மட்டத்தையும் மாடித்தரை முடியும் மட்டத்தையும் முதலில் கோடு போட வேண்டும். நடுவில் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து, படத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கட்டி முடித்த தளம் வரைபடத்தைவிட 10, 20 மி.மீ. ஏறியோ இறங்கியோ இருப்பது சாதாரணம். அப்படியிருந்தால் உண்மையான உயரத்தை வைத்து மறுபடி வகுக்க வேண்டும். அந்த மிச்சத்தைக் கடைசிப் படியில் தள்ளிவிடச் சம்மதிக்காதீர்கள், எல்லாப் படிக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் மாலை நீங்களே போய் ஒவ்வொரு ரைசர் பலகையையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். அரைமணி நேர வேலை. ஈரக் கான்கிரீட் கொட்டும்போது பலகை வெளியே தள்ளாமல் இருக்க முட்டுகள் உறுதியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். போட்ட பிறகு முட்டுகளைப் பொறியாளர் சொல்லும் நாளுக்கு முன் யாரும் தொடக் கூடாது. நீர் ஊற்றுவது 7 நாளாவது தொடரட்டும். கைப்பிடி வரும்வரை மூங்கிலாலோ கயிற்றாலோ தற்காலிகத் தடுப்பு கட்டுங்கள், வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வரும் குடும்பத்தாரே அந்தச் சமயத்தில் விழுகிறார்கள்.

12. கல், வெளிச்சம், கடைசி அளவு

கண்ணாடிபோல் பாலிஷ் போட்ட கல் ஈரக்காலுக்கு ஆகாது. சொரசொரப்பான கல்லோ, முனையில் கோடு வெட்டிய கல்லோ போடுங்கள். முனையில் இரண்டு அங்குல அகலத்துக்கு மாறுபட்ட நிறத்தில் பட்டை இருந்தால், பார்வை மங்கியவருக்கு ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரியும். எல்லாம் ஒரே கறுப்பில் இருந்தால் இறங்கும்போது படிகள் ஒரே சரிவாகத் தெரியும். நோசிங் 20, 25 மி.மீ. போதும், கூர்மையாக இல்லாமல் உருட்டி விடுங்கள்.

படியின் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் விளக்கு எரியவும் அணையவும் வேண்டும். இதற்கான குழாயைச் சுவர் பூசும் முன் பதிக்க வேண்டும். லேண்டிங்கில் விளக்கு வைக்கும்போது இறங்குபவரின் நிழல் அவர் கால் வைக்கும் படிமேலேயே விழாதபடி இடம் பாருங்கள்.

கல் பதிப்பவர் முதல் படியை முடித்ததும் நிறுத்தி அளந்து பாருங்கள். முதல் மூன்று படி சரியாக வந்தால் மீதி பெரும்பாலும் சரியாக வரும். எல்லாம் முடிந்ததும், கைப்பிடிக்காரர் வருவதற்கு முன், ஒருவர் டேப் பிடிக்க ஒருவர் எழுத, ஒவ்வொரு படியின் உயரத்தையும் மிதியையும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்காவது 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் அந்தக் கல்லை அன்றைக்கே எடுத்துத் திருத்தச் சொல்லலாம், கலவை இன்னும் முழுதாக இறுகியிருக்காது. கல் வேலைக்கான கடைசித் தவணைப் பணத்தை இந்த அளவெடுப்பு முடிந்த பிறகு கொடுங்கள். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.